முச்சந்தியை விட்டு நகராத பாக்கியலட்சுமி அம்மா

பாக்கியலட்சுமி அம்மா காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம் நான்கு விநாடிக்கு வெளியே போனார். பத்து மணி பன்னிரண்டு நிமிடம் ஐந்து விநாடிக்கு உள்ளே வந்துவிட்டார்.

சிலுவைராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். பச்சை எழுத்தில் இருந்த எண்கள் மாறவில்லை. ஒரே விநாடி. செருப்பை மாட்டவே அது போதாதே!

“ருக்கையா, இங்க வந்து பாரேன். ஒருத்தர் வெளிய போய் ஒரே செகண்டுல திரும்பி வர முடியுமா?”

ருக்கையா அந்தக் கணினி நிலையத்தின் ஆபரேட்டர். காந்த நாடாச் சுருள் ஒன்றைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“பர்ஸ மறந்துட்டுப் போயிருப்பாங்கண்ணே.”

உண்மையில் பாக்கியலட்சுமி அம்மா எங்கேயும் போகவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு தொழிற்கல்லூரி நூலகத்தில், மின்விசிறிக்கு அடியில், நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். போய்வந்தது அவருடைய பெயர்.

அது 1989. சிங்கப்பூரின் மேற்கே, ஒரு குன்றின் மேலிருந்த ஆய்வுக்கழகத்தில் இரண்டு அலமாரி அகலத்துக்கு ஒரு பெரிய கணினி இருந்தது. அதற்குள் ‘முச்சந்தி’ இருந்தது. முச்சந்தி சிலுவைராஜின் கைவேலை. நாற்பத்திரண்டு தமிழர்கள், ஒன்பது நாடுகள், ஒரே பேச்சு. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, மீன்குழம்பில் தேங்காய்ப்பால் விடலாமா என்பதிலிருந்து வால்மீன் எப்போது தெரியும் என்பது வரை எல்லாவற்றையும் அங்கே அலசினார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒருவர் முச்சந்திக்குக் கடிதம் எழுதினால் அது முதலில் இந்தக் கணினிக்கு வரும். இங்கே ஒரு மென்பொருள் உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். வந்த கடிதத்துக்கு நாற்பத்திரண்டு நகல் எடுத்து ஆளுக்கொன்றாக அனுப்பிவிடும். அந்த மென்பொருளுக்குச் சிலுவைராஜ் வைத்திருந்த செல்லப்பெயர், தபால்காரர்.

தபால்காரருக்கு மனிதப் பேச்சு ஆகாது. அவருக்கென்று தனியாக எழுதும் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் ஓர் உத்தரவு. ‘சப்ஸ்கிரைப்’ என்றால் பெயரைச் சேர்ப்பார். ‘சைன்ஆஃப்’ என்றால் பெயரை அடிப்பார். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கினால், ‘நலம் என்ற உத்தரவு எனக்குத் தெரியாது’ என்று பதில் போடுவார். அதனால் இந்த இரண்டு உத்தரவுகளையும் ஓர் அட்டையில் எழுதி, சேரும்போதே ஒவ்வோர் உறுப்பினருக்கும் சிலுவைராஜ் கொடுத்திருந்தான்.

பாக்கியலட்சுமி அம்மா வெள்ளிக்கிழமை மாலை பணி ஓய்வு பெறுகிறார். அன்று ஆறு மணிக்கு அவருடைய கணினிக் கணக்கைக் கல்லூரி மூடிவிடும். அதற்குள் அவர் பெயர் முச்சந்தியிலிருந்து நீங்கிவிட வேண்டும். நீங்காவிட்டால் என்ன ஆகும் என்பது சிலுவைராஜுக்கு நன்றாகவே தெரியும்.

போன தீபாவளி வாரத்தில் அதுதான் ஆனது. கனடாவில் படித்துக்கொண்டிருந்த லாசரஸ் என்ற உறுப்பினர் படிப்பை முடித்துக் கிளம்பினார், கணக்கு மூடியது, பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. அவருக்குப் போன கடிதத்தை அந்த ஊர்க் கணினி, ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று எழுதி முச்சந்திக்கே திருப்பி அனுப்பியது. தபால்காரர் அதைப் புதிய கடிதம் என்று நினைத்தார். நாற்பத்திரண்டு நகல் எடுத்தார். அதில் ஒன்று லாசரஸுக்கு. அது மறுபடி ‘இல்லை’ என்று திரும்பியது. அதற்கும் நாற்பத்திரண்டு நகல். அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள தபால்பெட்டியில் ஆள் மாறிப்போன வீட்டுக்கு வந்த கடிதத்தை, ‘ஆள் இல்லை, ஆள் இல்லை’ என்று புளோக் முழுக்க எல்லோர் வீட்டிலும் போட்டுவிட்டு, அந்த வீட்டிலும் மறக்காமல் ஒன்று போடுவதைப் போல. அன்று கணினியின் வட்டு நிரம்பி, மாணவர்களின் வேலையெல்லாம் பாதியில் நின்றது.

அதனால்தான் திங்கட்கிழமையே அம்மாவை ‘சைன்ஆஃப்’ அனுப்பச் சொன்னான். அவர் தன் உதவியாளர் அப்துல் கையூமிடம் சொன்னார். அம்மா வாயால் சொல்வார், கையூம் பாய் விரலால் அடிப்பார். முப்பது வருட ஏற்பாடு அது.

சிலுவைராஜ் நூலகத்துக்குப் போன் போட்டான்.

“கையூம் பாய், சைன்ஆஃப் அடிச்சீங்களா?”

“அடிச்சேன் தம்பி. நீங்க குடுத்த அட்டையப் பாத்துத்தான் அடிச்சேன். மெஷின் பக்கத்துலயே ஒட்டி வச்சிருக்கேன்ல.”

“எழுத்து ஏதும் விட்டுப்போச்சா?”

“என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க! கேட்லாக் கார்டு அடிச்ச கை இது. ஒரு புள்ளி மாறாது.”

“முச்சந்திங்கிற பேரையும் போட்டீங்க?”

“போட்டேன். உங்க ஆளுகிட்டேருந்து பதிலும் வந்திருச்சு. சொன்னதெல்லாம் செஞ்சாச்சுன்னு. ரொம்ப மரியாதையான மனுசன்.”

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டதாகச் சிலுவைராஜுக்குத் தோன்றியது. “சரி பாய், வச்சிடுறேன்.”

“அப்புறம் பேசுவோம் தம்பி,” என்றார் கையூம் பாய். ‘வைக்கிறேன்’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதிராளி வைக்கும்வரை காதில் பிடித்தபடியே இருப்பார்.

ஆக, ஆள் சரி. அப்படியானால் கோளாறு தபால்காரரிடம்தான். பதிவேட்டைத் துழாவினான். அதுவோ பட்டியலில் என்ன மாறியது, எத்தனை மணிக்கு மாறியது என்று மட்டும் எழுதும். யார் சொல்லி மாறியது என்று எழுதாது. வட்டில் இடம் தங்கம்போல் இருந்த காலம்.

சிலுவைராஜ் யோசித்தான். பட்டியலைத் தொடும் முன்பு தபால்காரர் பழைய பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து வைப்பார். பெயரை அடித்த கையோடு ஞாபகமறதியில் அந்தப் பழைய நகலை மேலே எடுத்து வைத்துவிட்டால்? அடித்த பெயர் ஒரு விநாடியில் உயிர்த்தெழும்தானே!

அழகான விளக்கம். அவனுக்கே கை தட்டலாம்போல் இருந்தது. நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு, அன்று மாலை பிடோக் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கணினியை நிறுத்தி மறுபடி ஓட்டுவது வாராந்தர வழக்கம். விழித்தெழுந்த தபால்காரர் பட்டியலின் புதிய நகலைத் தேடினார். இல்லை. நேற்றைய நகலைத் தேடினார். அதுவும் இல்லை. கடமை தவறாதவர் ஆயிற்றே. அலமாரியின் மூலையில் ஏழு மாதத்துக்கு முந்தைய பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, வேலையைத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பட்டியலில் கனடா லாசரஸ் இருந்தார்.

எட்டு பதினேழுக்கு யாரோ முச்சந்தியில் ‘காலை வணக்கம்’ என்று எழுதினார்கள்.

“அண்ணே!” ருக்கையாவின் குரல் குளிர்சாதன இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. “ஆள் இல்ல, ஆள் இல்லன்னு வந்துகிட்டே இருக்குலா! முந்நூறு தாண்டிருச்சு!”

“லைன புடுங்கு! லைன புடுங்கு!”

ருக்கையா புடுங்கினாள். அப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தவர், நிலையத்தின் தலைவர் திரு லிம். அவர் சத்தம் போட மாட்டார். அதுதான் பயம். கடையில் கட்டி வாங்கிய கோப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

“ராஜ், மறுபடியும் உன்னோட தமிழ்க் கிளப்பா?”

சிலுவைராஜ் விளக்கினான். நகல், நகலின் நகல், தபால்காரரின் ஞாபகமறதி என்று வெள்ளைப் பலகையில் நான்கு அம்புக்குறி போட்டு விளக்கினான். லிம் பாதிக் கோப்பி குடிக்கும்வரை கேட்டார்.

“அந்த அம்மா கணக்கு எப்ப மூடுறாங்க?”

“வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்கு.”

“நான் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவேன். போறதுக்கு முன்னாடி உன் பட்டியலைப் பார்ப்பேன். அவங்க பேர் இருந்தா, முச்சந்தியையே அழிச்சிட்டுப் போவேன். மொத்தமா. ஃபினிஷ்லா.”

அவர் போன பிறகு ருக்கையா சொன்னாள்: “நீங்களே பேர அடிச்சிடுங்களேண்ணே. பொறுப்பாளருக்கு அந்த அதிகாரம் இருக்குல்ல?”

இதைத் திங்கட்கிழமையே செய்திருக்கலாம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் சரி செய்வது சிலுவைராஜுக்குப் பிடிக்காது. இப்போது வேறு வழியில்லை. பழைய பட்டியலைச் சரிசெய்து, லாசரஸை நீக்கி, நகல் எடுப்பதையும் மறுபடி முடுக்கிவிட்டு, மாலை மூன்று மணிக்குத் தன் கையாலேயே பாக்கியலட்சுமி அம்மாவின் பெயரை அடித்தான். போனார். ஒரு விநாடி. இரண்டு விநாடி. ஒரு நிமிடம். வரவில்லை.

“பாத்தியா!” என்றான். கேன்டீனுக்குப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்றைக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

மூன்று இருபதுக்கு அம்மா உள்ளே இருந்தார்.

போன் போட்டான்.

“பாய், அம்மா பேர நானே எடுத்துட்டேன். உங்களுக்கு ஏதாவது வந்துச்சா?”

“வந்துச்சு தம்பி. ‘பொறுப்பாளர் உங்களை நீக்கிவிட்டார்’னு நோட்டீஸ். அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான்தான் சமாதானம் சொன்னேன்.”

“ஐயோ, அது மெஷின் தானா அனுப்புறது.”

“அது தெரியும். இருந்தாலும் வந்த கடுதாசிக்குப் பதில் போடாம இருக்கலாமா? முறைப்படி விடை சொல்லி எழுதிட்டேன்.”

சிலுவைராஜுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்படிப்பட்ட மனிதர்களுக்கு இந்த மென்பொருள் இவ்வளவு தொல்லை தருகிறதே என்று தபால்காரர் மேல்தான் கோபம் வந்தது.

இப்போது சிக்கல் இன்னும் ஆழமாகிவிட்டது. தானே போனால் ஒரு விநாடியில் வருகிறார். இவன் அனுப்பினால் இருபது நிமிடத்தில் வருகிறார். வெள்ளிக்கிழமை லிம் பார்க்கும்போது ஒளிந்திருந்து, ஐந்து ஐம்பதுக்குத் திரும்பி வந்தால்? ஆறு மணிக்குத் தீபாவளிதான்.

புதன்கிழமை காலையில் தூக்கமில்லாத கண்ணோடு காலுறை மாட்டிக்கொண்டே யோசித்தான். உடனே ஒன்று பளிச்சென்றது. வேவு பார்க்க வேண்டும்! யார் போனாலும் வந்தாலும் அந்த நொடியே தபால்காரர் தனக்கு ஒரு தகவல் அனுப்பச் செய்ய வேண்டும். பையை எடுத்துத் தோளில் போட்டான்.

“உர்சுலா, நான் போறேன்!”

சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள் மனைவி. “என்னங்க இது, விடிஞ்சும் விடியாம ‘போறேன்’னுட்டு! வாயில நல்ல வார்த்தை வராது? திரும்பி வாங்க உள்ள.”

பஸ் போய்விடும். ஆனாலும் வாசலுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றவன் இரண்டாவது காலையும் உள்ளே வைத்தான். “சரிம்மா, போயிட்டு வரேன்.”

“அது!” என்றாள் உர்சுலா.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்து, அவசர அவசரமாக அந்த வேவு வேலையை எழுதி ஏற்றினான். அவசரத்தில் தகவல் போய்ச் சேர வேண்டிய முகவரியில் தன் பெயருக்குப் பதிலாக முச்சந்தியின் பெயரைக் கொடுத்துவிட்டான். பிறகு கையூம் பாயிடம் மூன்று முறை சைன்ஆஃப் அனுப்பச் சொன்னான், ஆராய்ச்சிக்காக.

ஒன்பது நாடுகளில் நாற்பத்திரண்டு பேர் அன்று இப்படிப் படித்தார்கள்: பாக்கியலட்சுமி வெளியேறினார். பாக்கியலட்சுமி சேர்ந்தார். பாக்கியலட்சுமி வெளியேறினார். பாக்கியலட்சுமி சேர்ந்தார். பாக்கியலட்சுமி வெளியேறினார். பாக்கியலட்சுமி சேர்ந்தார்.

முதல் கடிதம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது: ‘அம்மாவின் மனத்தை யார் நோகடித்தது?’

இரண்டாவது கோலாலம்பூரிலிருந்து: ‘எனக்குத் தெரியும். ஜெர்மனிக்காரர்தான்.’

ஜெர்மனிக்காரர் என்பது ஹாம்பர்க்கில் இருந்த இயேசுதாசன். போன மாதம் அவர், தேங்காய்ப்பால் விட்டால் அது மீன்குழம்பே அல்ல, பாயசம் என்று எழுதியிருந்தார். அதற்கு அம்மா எழுதிய பதிலில் ஹாம்பர்க் மீன்களின் மானமே போயிருந்தது. இப்போது இயேசுதாசன் எட்டுப் பத்தியில் மன்னிப்புக் கேட்டார். ஒன்பதாவது பத்தியில், போன ஞாயிறு தேங்காய்ப்பால் விட்டுச் செய்து பார்த்ததாகவும், சட்டியை வழித்துச் சாப்பிட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

மாலைக்குள் ஐம்பத்தெட்டுக் கடிதம். ‘அம்மா போகக் கூடாது.’ ‘அம்மா போனால் நானும் போவேன்.’ ‘பொறுப்பாளர் சிலுவைராஜ் விளக்கம் தர வேண்டும்.’

வியாழக்கிழமை மதியம் பொறுப்பாளர் சிலுவைராஜ் விளக்கம் தரத் தேக்காவுக்குப் போனான். சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாக்கியலட்சுமி அம்மா வரச் சொல்லியிருந்தார். மறுநாள் பணி ஓய்வு விருந்துக்காக வாங்கிய மல்லிகைச் சரம் வாழையிலைப் பொட்டலமாக மேசையில் மணத்துக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு கட்டுக் காகிதம். முகம் முழுக்கச் சிரிப்பு.

“பாத்தியாப்பா, எத்தனை கடுதாசி! கையூம் பாய் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டாரு. லைப்ரரியில முப்பத்தோரு வருஷம் இருந்தேன், ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல. அந்த ஜெர்மனிப் பையன்கூட வழிக்கு வந்துட்டான்!”

“அதாங்கம்மா... அது வந்து...”

“நான் ஒண்ணு யோசிச்சேன். இவ்வளவு பேரு கேக்கறப்ப நான் எதுக்குப் போகணும்? பேரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

சிலுவைராஜுக்கு வாயிலிருந்த அப்பளம் நின்றது. எதிரிலிருந்த கிண்ணங்களை இழுத்தான். சாம்பார்க் கிண்ணம் முச்சந்தி. ரசக் கிண்ணம் அம்மாவின் கல்லூரி. சாம்பாரிலிருந்து ரசத்துக்கு ஒரு கரண்டி போகிறது, ‘ஆள் இல்லை’ என்று ரசத்திலிருந்து சாம்பாருக்குத் திரும்புகிறது, அது மறுபடி... மேசையெல்லாம் வழிந்தது. பக்கத்து மேசைக்காரர் காலை மடக்கிக்கொண்டார்.

“நிறுத்துப்பா, புரிஞ்சு போச்சு,” என்றார் அம்மா. “நான் இருந்தா முச்சந்தி நாறிடும். அவ்வளவுதானே?”

“முச்சந்தியையே அழிச்சிடுவாங்கம்மா.”

அம்மா காகிதக் கட்டைத் தட்டி அடுக்கிப் பைக்குள் வைத்தார். “என் மக வீட்டுக்காரர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்காம். அடுத்த மாசம் லைன் வருதாம். அப்ப வேற பேர்ல வந்து அந்தப் பையனுக்கு நண்டு சொல்லித் தரணும். அதுவரைக்கும் முச்சந்தி இருக்கணும்ல? நாளைக்குச் சரியா அனுப்பிடச் சொல்றேன். வரேன்ப்பா.”

“வாங்கம்மா.”

திரும்பும் வழியில் சிலுவைராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். தபால்காரரைக் கெஞ்சிப் பயனில்லை. அவருக்குப் புதுச் சட்டம் எழுத வேண்டும். ‘ஒருமுறை வெளியேறியவர் ஒரு முழு நாள் கழித்துத்தான் மீண்டும் சேரலாம்.’ கதவைப் பூட்டும் அந்த வசதி அவர்களிடம் இருந்த மென்பொருள் பதிப்பில் இல்லை. அவனேதான் எழுத வேண்டும். அன்று மாலையும் மறுநாள் பகலும் எழுதினான். பதினோரு வரி. அந்தப் பதினோரு வரிக்காக நூற்று அறுபது வரி எழுதி அழித்தான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நிரலைக் காந்த நாடாவில் பதிந்து ருக்கையாவிடம் நீட்டினான். “இத ஏத்திடு. முச்சந்தியோட உயிர் இதுலதான் இருக்கு.”

“வைங்கண்ணே,” என்றாள் ருக்கையா, இரண்டு போனில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே.

நான்கரைக்கு நூலகத்தை அழைத்தான். பின்னணியில் கைதட்டலும் யாரோ மைக்கில் பேசுவதும் கேட்டன.

“பாய், இதுதான் கடைசி. நாலு அம்பதுக்கு சைன்ஆஃப் அனுப்புங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் அனுப்ப வேணாம். நோட்டீஸ் வந்தாலும் பதில் வேணாம். ஒரு எழுத்துகூட வேணாம்.”

“ஏன் தம்பி, இந்த மெஷினு ஒரு கடுதாசியில எத்தனை வரி இருந்தாலும் படிக்குமா?”

“படிக்கும் பாய். மேலேருந்து கீழ, வரிக்கு வரி. ஏன்?”

“சும்மா கேட்டேன். கறி பஃப் ஆறுது, வாங்களேன் தம்பி.”

“அப்புறம் வரேன் பாய்!”

நான்கு ஐம்பது. சிலுவைராஜ் திரையின் முன்னால் உட்கார்ந்தான். லிம் அவன் பின்னால் வந்து நின்றார், பை தோளில். நான்கு ஐம்பத்தொன்று. நான்கு ஐம்பத்திரண்டு. திரையில் ஒரு வரி ஊர்ந்தது.

பாக்கியலட்சுமி வெளியேறினார்.

ஒரு விநாடி. சிலுவைராஜ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். ஐந்து விநாடி. ஒரு நிமிடம். ஐந்து மணி. ஐந்து மணி இருபது நிமிடம். திரையில் வேறு வரி இல்லை. ஐந்தரைக்குப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிக் காட்டினான். நாற்பத்தொரு பெயர். பாக்கியலட்சுமி இல்லை.

“நாட் பேட்,” என்றார் லிம். அந்த நிலையத்தில் அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் வாங்கியதில்லை. “எப்படிச் செஞ்ச?”

சிலுவைராஜ் காத்திருந்த கேள்வி இது. பலகையைத் துடைத்தான். கதவு ஒன்று வரைந்தான். கதவுக்கு ஒரு பூட்டு வரைந்தான். வெளியேறும் நேரத்தை எப்படிக் குறித்துக்கொள்கிறோம், மறுபடி வரும்போது எப்படிக் கழித்துப் பார்க்கிறோம், பதினோரு வரியில் ஏழாவது வரியின் அழகு என்ன என்று ஒவ்வொன்றாக, ஆசை தீர விளக்கினான். மற்ற நாட்டுக் கணினி நிலையங்களுக்கும் இதை எழுதி அனுப்பலாம் என்றான். லிம் தலையாட்டினார். பையை இறக்கிக் கீழே வைத்தார். ஒரு முறை சிரிக்கவும் செய்தார்.

“அண்ணே,” என்று கதவோரத்தில் ருக்கையாவின் குரல் கேட்டது.

“இரு ருக்கையா, ஏழாவது வரி.”

“இல்லண்ணே, இந்த டேப்ப எப்ப ஏத்தணும்?”

சிலுவைராஜின் கையிலிருந்த பேனா பலகையிலேயே நின்றது. ருக்கையாவின் இடுப்பில், குழந்தை மாதிரி, அவனுடைய காந்த நாடா இருந்தது.

“இன்னும் ஏத்தலையா?”

“ஏத்தணும்னா சிஸ்டத்த நிறுத்தி ஓட்டணும்லா. ஸ்டூடண்ட்ஸ் ஆறு மணிக்குத்தானே போவாங்க. வைங்கன்னு சொன்னேனே.”

லிம் பூட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சிலுவைராஜைப் பார்த்தார். “அப்ப அந்த அம்மா ஏன் திரும்பி வரல?”

நான்கு நாளாக ‘ஏன் வருகிறார்’ என்று தெரியாமல் தவித்தவனுக்கு, இப்போது ‘ஏன் வரவில்லை’ என்று தெரியவில்லை. பலகையில் வரைவதற்கு ஓர் அம்புக்குறிகூட அவனிடம் மிச்சமில்லை.

மேசையில் போன் அடித்தது. எடுத்தான். பின்னால் பாட்டும் சிரிப்பும் தட்டுகளின் சத்தமும்.

“தம்பி, நான்தான் கையூம். சரியாயிருச்சுல்ல?”

“ஆயிருச்சு பாய்! எப்படி ஆச்சுன்னுதான் தெரியல! இன்னிக்கு நீங்க என்ன அடிச்சீங்க?”

“எப்பவும் அடிக்கிற ரெண்டு வரிதான் தம்பி, ஒரு பெரியவங்கள வெறும் ‘போறேன்’னு மட்டும் சொல்லி அனுப்பக் கூடாதேன்னு இத்தனை நாளும் முதல் வரியில சைன்ஆஃப், அடுத்த வரியில சப்ஸ்கிரைப்புன்னு ‘போயிட்டு வரேன்’ சொல்லிக்கிட்டிருந்தேன், உங்க ஆளு கடைசியா சொன்னதத்தான் பிடிச்சுக்குறாருன்னு இன்னிக்குத்தான் பிடிபட்டுச்சு, அதான் வரிசைய மாத்தி முதல்ல சப்ஸ்கிரைப், அப்புறம் சைன்ஆஃப்னு அடிச்சிட்டேன்!”